பெட்டிக்குள் காவல் நிற்பது யார்?

கொடைக்கானல் விடுதிகளும் மின் சோதனைச் சான்றிதழும்

கொடைக்கானல் மலைக்கு ஏறும் வண்டிகளுக்கு இப்போது கணக்கு உண்டு.

2024-ம் ஆண்டு மே மாதம் 7-ந் தேதி முதல், வெளியூர் வண்டிகள் 'இ-பாஸ்' வாங்கிக்கொண்டுதான் மலை ஏறவேண்டும் என்ற ஏற்பாடு சென்னை ஐகோர்ட்டின் உத்தரவுப்படி வந்தது. 2025-ம் ஆண்டு கோடை சீசனில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். வார நாட்களில் 4,000 வண்டி, சனி ஞாயிறுகளில் 6,000 வண்டி என்று வரம்பு கட்டினார்கள்.

நல்ல காரியம்தான். மலை தாங்கும் பாரம் எவ்வளவு என்று பார்க்கவேண்டாமா?

ஆனால் அந்த வண்டியில் வந்த குடும்பம் இரவில் எங்கே தூங்குகிறது? விடுதி அறையில் அல்லது காட்டேஜில். அந்தக் கட்டிடத்தின் சுவரில் ஏதோ ஒரு மூலையில் ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. உள்ளே வரும் மின்சாரத்தை அறை அறையாகப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி அது. டிஸ்ட்ரிபியூஷன் போர்டு என்பது முழுப் பெயர். வயர்மேன்கள் சுருக்கமாக 'டி.பி.' என்பார்கள்.

அந்தப் பெட்டி தாங்கும் பாரம் எவ்வளவு? அதற்குள் காவலுக்கு என்ன கருவி இருக்கிறது? அதை யாராவது சோதித்துக் காகிதத்தில் எழுதி வைத்திருக்கிறார்களா?

கேள்வி சின்னதாகத் தோன்றலாம். ஆனால் உள்ளே தூங்குகிறவர்களின் உயிர் அந்தக் காகிதத்தில் இருக்கிறது.

குளிரும் கரண்டும்

கொடைக்கானல் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 7,000 அடி உயரத்தில் இருக்கிறது. 1845-ம் ஆண்டில் அமெரிக்கப் பாதிரிமார் இங்கே முதல் பங்களாக்களைக் கட்டியபோது, குளிருக்கு விறகு அடுப்புதான் துணை. இன்று விறகின் இடத்தை மின்சாரம் பிடித்துக்கொண்டது. குளிக்க கெய்சர் வேண்டும். படுக்கை அறைக்கு ஹீட்டர் வேண்டும். காப்பி போட மின்சாரக் கெட்டில் வேண்டும்.

ஒரே ஓர் அறைக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கெய்சர் 2,000 வாட். ஹீட்டர் 2,000 வாட். கெட்டில் 1,500 வாட். மொத்தம் 5,500 வாட். இதை 230 வோல்ட்டால் வகுத்தால் ஏறக்குறைய 24 ஆம்பியர் வரும். காலை 6 மணிக்கு நான்கு அறைகளில் இப்படி ஒரே சமயத்தில் போட்டால் 96 ஆம்பியர்!

சமவெளியில் ஒரு வீட்டுக்கு விளக்கும் மின்விசிறியும் போதும். அதே கணக்கில் போட்ட கம்பி மலையில் எப்படித் தாங்கும்?

தொல்லை இதோடு நிற்பதில்லை. விடுதிகள் ஒரே நாளில் வளர்வதில்லை. முதலில் நான்கு அறை. சீசன் நன்றாக நடந்தால் மாடியில் இரண்டு அறை. பிறகு பின்பக்கத்தில் ஒரு காட்டேஜ். ஒவ்வொரு முறையும் பழைய பெட்டியிலிருந்து ஒரு கம்பியை இழுத்துப் புதிய பெட்டி ஒன்றை மாட்டுகிறார்கள். கட்டிடம் வளர்கிறது, பெட்டிகள் பெருகுகின்றன. ஆனால் கையில் இருக்கும் சான்றிதழ் பழைய நான்கு அறைக்குக் கொடுத்ததுதான்!

'மின்கசிவு' என்ற ஒரே சொல்

2024-ம் ஆண்டு டிசம்பர் 12-ந் தேதி இரவு, மாவட்டத் தலைநகரான திண்டுக்கல்லில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் தீப்பிடித்தது. ஒரு குழந்தை உட்பட ஆறு பேர் இறந்தார்கள். லிப்டுக்குள் சிலர் மயங்கிக் கிடந்த செய்தி ஊரையே உலுக்கியது. மின்கசிவு காரணமாக இருக்கலாம் என்று முதலில் சொன்னார்கள்.

தீ விபத்துச் செய்தி எதைப் படித்தாலும் இந்தச் சொல் இருக்கும். 'மின்கசிவே காரணம் என்று தெரிகிறது' என்று ஒரு வரி. அத்தோடு விஷயம் முடிந்துவிடும்.

உண்மையில் அந்த ஒரு சொல்லுக்குள் நான்கு வெவ்வேறு ஆபத்துக்கள் ஒளிந்திருக்கின்றன.

முதலாவது, அதிக பாரம். கம்பி தாங்கும் அளவுக்கு மேல் மின்சாரம் ஓடினால் கம்பி சூடேறும். மேலுறை உருகும்.

இரண்டாவது, ஷார்ட் சர்க்கியூட். இரண்டு கம்பிகள் நேராக உரசிக்கொண்டால் ஒரு நொடிக்குள் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயலாம்.

மூன்றாவது, உண்மையான கசிவு. கெய்சரின் உள்ளே பழுதாகி, மின்சாரம் வெளித் தகட்டுக்கும் குழாய்க்கும் வந்துவிடும். ஈரக் கையால் தொட்டவருக்கு ஷாக் அடிக்கும்.

நான்காவது, தளர்ந்த இணைப்பு. திருகு சரியாக இறுகாத இடத்தில் பொறி பறக்கும். மெல்ல மெல்லக் கருகும். ஒரு நாள் தீப்பற்றும்.

நான்குக்கும் மருந்து ஒன்றல்ல. இதில்தான் சங்கதி இருக்கிறது.

காவலர்கள் யார் யார்?

நம் பாட்டன் காலத்துக் காவலன் பியூஸ். பாரம் அதிகமானால் மெல்லிய கம்பி தானே உருகி அறுந்து, மின்சாரத்தை நிறுத்திவிடும். ஆனால் அடிக்கடி அறுகிறதே என்று யாராவது தடித்த கம்பியைச் சுற்றிவிட்டால் தீர்ந்தது. காவலனுக்குத் தூக்க மருந்து கொடுத்த கதைதான்.

இரண்டாவது காவலன் எம்.சி.பி. 'ட்ரிப்பர்' என்று கடையில் கேட்கிறோமே, அது. பாரம் கூடினாலும், ஷார்ட் ஆனாலும் தானாக விழும். அதன் முகத்தில் ஆங்கில 'சி' எழுத்தும் 16 என்ற எண்ணும் இருந்தால், அது 16 ஆம்பியர் தாங்கும் 'சி' வகை என்று பொருள். கீழே ஒரு கட்டத்துக்குள் 6000 என்றோ 10000 என்றோ இருக்கும். ஷார்ட் ஆகும்போது அத்தனை ஆம்பியர் வரை அது வெடிக்காமல் துண்டிக்கும் என்பது அதன் அர்த்தம்.

மூன்றாவது காவலன் ஆர்.சி.சி.பி. பழைய வழக்கில் இ.எல்.சி.பி. என்பார்கள். இது வேறு வேலை செய்கிறது. போகும் மின்சாரத்தையும் திரும்பும் மின்சாரத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கிறது. போனது முழுதும் திரும்பவில்லை என்றால், எங்கேயோ கசிகிறது. ஒருவேளை ஒரு மனிதர் உடம்பு வழியாகவே போகிறது! உடனே விழுந்துவிடும். வீடுகளுக்கு 30 மில்லி ஆம்பியர் அளவுள்ளது வேண்டும். அதாவது ஒரு ஆம்பியரை ஆயிரம் பங்கு போட்டு, அதில் முப்பது பங்கு கசிந்தாலே இது விழித்துக்கொள்ளும்.

எம்.சி.பி.யைப் போட்டுவிட்டோமே, அதுவே ஷாக்கிலிருந்தும் காப்பாற்றாதா என்று கேட்கலாம். காப்பாற்றாது. பழனி மலையின் மண்ணே அதற்குச் சாட்சி.

பாறை சொல்லும் கணக்கு

கெய்சர் பழுதாகி மின்சாரம் தகட்டுக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எர்த் கம்பி அந்த மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கவேண்டும். தரையில் ஈரமும் மண்ணும் நிறைய இருந்தால் சுலபமாக இறங்கும். பாறைமேல் மெல்லிய மண் போர்த்திய இடத்தில் அப்படி இறங்காது. பழனி மலையோ உறுதியான பழம்பாறை. கோடையில் மேல்மண் காய்ந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம்.

மின்சாரம் அந்த வழியே போய்வரும் பாதையில் மொத்தத் தடை 20 ஓம் என்று கொள்வோம். 230-ஐ 20-ஆல் வகுத்தால் 11.5 ஆம்பியர்.

கெய்சருக்குப் போட்ட எம்.சி.பி. 16 ஆம்பியர் தாங்கும். 11.5 ஆம்பியரைக் கண்டு அது அசையுமா? அசையவே அசையாது! கெய்சரின் தகட்டில் உயிரைப் போக்கும் மின்சாரம் நின்றுகொண்டே இருக்கும். பெட்டியில் எம்.சி.பி. 'ஆன்' நிலையில் அமைதியாக இருக்கும்.

அதே இடத்தில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருந்தால் கண் இமைப்பதற்குள் விழுந்துவிடும்.

ஆகையால் 'எம்.சி.பி. இருக்கிறது, எர்த் இருக்கிறது' என்று சான்றிதழில் எழுதினால் போதாது. எத்தனை ஆம்பியர் எம்.சி.பி., எர்த் எத்தனை ஓம், ஆர்.சி.சி.பி. உண்டா இல்லையா, எண்களைத் தரவேண்டும். மூன்று எண்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் அறை பத்திரமா என்று சொல்லமுடியும்.

மலைக்கே உரிய இன்னொரு விஷயமும் உண்டு. எம்.சி.பி.க்கான சர்வதேசத் தரவிதி, 2,000 மீட்டர் உயரம் வரையில் சாதாரண உபயோகம் என்று கொள்கிறது. கொடைக்கானல் நகரம் அந்தக் கோட்டுக்குக் கொஞ்சம் மேலே, சுமார் 2,100 மீட்டரில் இருக்கிறது. உயரம் கூடக்கூடக் காற்று மெலியும். கருவியின் சூடு ஆறுவதும், உள்ளே எழும் பொறி அணைவதும் சற்று மாறும். வித்தியாசம் இங்கே சிறிதுதான், பயப்படவேண்டியதில்லை. ஆனால் எந்தக் கம்பெனிக் கருவி, எந்த மாதிரி என்று பதிவு செய்தால்தான், இந்த உயரத்துக்கு அது பொருந்துமா என்று கம்பெனியிடம் கேட்கமுடியும்.

இரண்டு சான்றிதழ்கள்

இப்போது இரண்டு சான்றிதழ்களைப் பார்ப்போம். இரண்டும் நாம் கற்பனை செய்தவைதான்.

முதல் சான்றிதழ் இப்படிச் சொல்லுகிறது: 'மேற்படி விடுதியின் மின் அமைப்பைப் பார்வையிட்டோம். எல்லாம் திருப்தியாக இருக்கிறது.' கீழே கையெழுத்து, முத்திரை.

இரண்டாவது சான்றிதழில் ஒரு பக்கம் இப்படி இருக்கிறது: 'டி.பி. எண் 3. இடம், பின்பக்கக் காட்டேஜ், வாசலுக்கு வலது புறம். மெயின் போர்டின் 5-ம் எண் எம்.சி.பி.யிலிருந்து 10 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் வருகிறது. முதலில் 40 ஆம்பியர், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கருவி வைத்துச் சோதித்தோம். நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் விழுந்தது. அடுத்து, 2-ம் லைன், கெய்சர். கம்பி 2.5 சதுர மில்லிமீட்டர். எம்.சி.பி. 16 ஆம்பியர், சி வகை. கம்பி உறையின் தடை 50 மெகோம். எர்த் 20 ஓம். திருகுகள் இறுக்கிச் சரிபார்க்கப்பட்டன.'

எதை நம்பி நீங்கள் உங்கள் குழந்தையைக் கெய்சர் போட்ட குளியலறைக்கு அனுப்புவீர்கள்?

முதல் சான்றிதழ் ஏட்டுச் சுரைக்காய். கறிக்கு உதவாது. பெட்டியைத் திறக்காமலேகூட அதை எழுதிவிடலாம். இரண்டாவதை எழுதவேண்டுமானால் பெட்டியைத் திறந்தே ஆகவேண்டும். மெக்கர் கருவியை மாட்டியே ஆகவேண்டும். எண்ணைக் கேட்கும் படிவம் மனிதனை வேலை செய்யவைக்கிறது. அதுதான் அதன் பெருமை.

நான்காவது ஆபத்தான தளர்ந்த இணைப்பை நினைவு வைத்திருக்கிறீர்களா? அதற்கு எம்.சி.பி.யும் எப்போதும் விழாது, ஆர்.சி.சி.பி.யும் விழாது. மனிதர் கையும் கண்ணும்தான் அதைக் கண்டுபிடிக்கும். ஒவ்வொரு பெட்டியும் பட்டியலில் இருந்தால்தான் ஒவ்வொரு பெட்டியும் திறக்கப்படும். பட்டியலில் இல்லாத பெட்டியை யார் திறக்கப்போகிறார்கள்?

கரண்ட் போன பிறகும் கரண்ட்!

மலையில் புயல் அடித்தால் மரங்கள் விழும், கம்பிகள் அறும். 2018-ம் ஆண்டு நவம்பரில் வந்த கஜா புயலை மலை ஜனங்கள் மறந்திருக்கமாட்டார்கள். அதனால் விடுதிகளில் இன்வெர்ட்டரும் ஜெனரேட்டரும் வைத்திருக்கிறார்கள். சிலர் கூரையில் சூரிய ஒளித் தகடும் பதித்திருக்கிறார்கள்.

இவை இருக்கும் கட்டிடத்தில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டால் மட்டும் பெட்டி செத்துவிடாது. மறுபக்கத்திலிருந்து மின்சாரம் வந்துகொண்டிருக்கும். தெரியாமல் கை வைக்கும் வயர்மேனின் கதி என்ன? ஜெனரேட்டரை முறையான மாற்று சுவிட்சு இல்லாமல் மாட்டியிருந்தால், மின்சாரம் வெளிக் கம்பத்துக்கும் திரும்பிப் போகும். மழையில் நனைந்துகொண்டு கம்பத்தில் வேலை செய்யும் மின்வாரிய ஊழியரின் கதி என்ன?

ஆகவே எந்தப் பெட்டிக்கு எத்தனை வழியில் மின்சாரம் வருகிறது, எதை எதை அணைத்தால் அது முழுதும் நிற்கும் என்று சான்றிதழிலும் எழுதவேண்டும், பெட்டியின் மேலும் ஒட்டவேண்டும்.

சட்டம் என்ன சொல்லுகிறது?

சட்டம் இல்லாமல் இல்லை. 1956-ம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளிலேயே, உபயோகிப்பவரின் மின் அமைப்பை ஐந்து ஆண்டுக்கு மிகாத இடைவெளியில் சோதிக்கவேண்டும் என்று இருந்தது. லைசென்சு பெற்ற கான்டிராக்டரே, தகுதிச் சான்று உள்ளவரின் மேற்பார்வையில் வேலை செய்யவேண்டும் என்றும் இருந்தது. பிறகு 2003-ம் ஆண்டில் புதிய மின்சாரச் சட்டம் வந்தது. அதன்கீழ் மத்திய மின்சார ஆணையம் 2010-லும், அதற்குப் பதிலாக மறுபடி 2023-லும் பாதுகாப்பு விதிகளை வெளியிட்டது. மிகச் சிறிய இணைப்புகள் நீங்கலாக, கசிவைத் தடுக்கும் கருவி வேண்டும் என்பது இந்த விதிகளின் கட்டளை.

தமிழ்நாட்டில் தலைமை மின் ஆய்வாளரின் கீழ் மின் ஆய்வுத் துறை இருக்கிறது. ஆனால் ஓர் ஆய்வாளர் எத்தனை மலைப்பாதைகளில் ஏறி, எத்தனை காட்டேஜ்களைத் திறந்து பார்ப்பார்? இதை உணர்ந்துதான், அரசு அறிவிக்கும் வோல்ட் அளவுக்கு உட்பட்ட இணைப்புகளில் சொந்தக்காரரே சோதனை செய்வித்துத் தாமே சான்று அளிக்கலாம் என்று மத்திய விதிகளில் இடம் வைத்தார்கள்.

இதன் பொருளை நன்றாகக் கவனிக்கவேண்டும். அரசாங்கம் தன் பேனாவைச் சொந்தக்காரர் கையில் கொடுத்திருக்கிறது. அவர் 'எல்லாம் திருப்தி' என்று எழுதினால் அதைத் தட்டிக் கேட்க யாரும் பக்கத்தில் இல்லை. பெட்டி பெட்டியாக, கருவி கருவியாக எழுதினால், பின்னால் யார் வந்து பார்த்தாலும் உண்மையா பொய்யா என்று ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

இங்கிலாந்தில் 2020-ம் ஆண்டில் ஒரு விதி கொண்டுவந்தார்கள். வாடகை வீடுகளின் மின் அமைப்பை ஐந்து ஆண்டுக்கு ஒரு முறையாவது தகுதி பெற்றவர் சோதிக்கவேண்டும். அறிக்கையின் நகலைக் குடியிருப்பவர் கையில் 28 நாளுக்குள் கொடுக்கவேண்டும். அந்த ஊர் அறிக்கையில் ஒவ்வொரு லைனுக்கும் ஒரு வரி உண்டு. வாடகை கொடுப்பவனுக்கு அதைப் படிக்கும் உரிமை உண்டு. ஒரு நாள் வாடகை கொடுத்து விடுதியில் தங்குகிறவனுக்கு மட்டும் அது ஏன் கூடாது?

செலவு யார் தலையில்?

'பெரிய ஓட்டல்காரர் செய்வார். இரண்டு அறையை வாடகைக்கு விட்டுப் பிழைக்கும் பூம்பாறைக்காரரும் மன்னவனூர்க்காரரும் என்ன செய்வார்கள்?' என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி.

ஆனால் இரண்டு அறை வீட்டில் பெட்டியும் ஒன்றுதான். எழுதவேண்டியது ஒரே பக்கம்தான். சோதிக்கும் கருவிதான் விலை அதிகம். அதை ஊருக்கு ஒன்றாக, விடுதிக்காரர் சங்கமோ நகராட்சியோ வாங்கி வைக்கலாம். லைசென்சு பெற்ற வயர்மேன்களைக் கொண்டு சீசன் தொடங்குமுன் வரிசையாகச் சோதித்துவிடலாம். மின்சாரம் தாக்கி 2021-ம் ஆண்டில் மட்டும் நாடு முழுவதும் 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள் என்று தேசிய குற்ற ஆவணக் காப்பகம் கணக்குச் சொல்லுகிறது. நாள் ஒன்றுக்கு முப்பது உயிருக்கு மேல்! அதன் எதிரே இந்தச் செலவு பெரிதா?

நகராட்சி செய்யக்கூடியது ஒன்று உண்டு. விடுதி லைசென்சைப் புதுப்பிக்கும்போது, 'சான்றிதழ் உண்டா?' என்று கேட்பதோடு நிற்காமல், 'எத்தனை பெட்டி? எந்தப் பெட்டியில் என்ன கருவி?' என்று பட்டியலைக் கேட்கவேண்டும். அறைகளின் எண்ணிக்கை கூடி, பெட்டிகளின் எண்ணிக்கை கூடாமல் இருந்தால் அங்கே ஏதோ தவறு இருக்கிறது என்று காகிதமே காட்டிக் கொடுத்துவிடும்.

நீங்கள் செய்யவேண்டியது

முதலில் உங்கள் சொந்த வீட்டுப் பெட்டியைத் திறந்து பாருங்கள். மூடியை மட்டும் திறக்கவேண்டும், திருகுகளைத் தொடக்கூடாது. ஆர்.சி.சி.பி.யில் 'டி' என்ற ஆங்கில எழுத்துப் போட்ட ஒரு சின்ன பட்டன் இருக்கும். மாதம் ஒரு முறை அதை அழுத்துங்கள். உடனே விழவேண்டும். விழாவிட்டால் வயர்மேனைக் கூப்பிடுங்கள். அப்படிப்பட்ட பட்டனே பெட்டியில் இல்லையென்றால் உங்கள் வீட்டில் மூன்றாவது காவலன் இல்லை என்று தெரிந்துகொள்ளுங்கள்.

ஒவ்வொரு எம்.சி.பி.க்கும் பக்கத்தில் 'கெய்சர்', 'சமையலறை', 'மோட்டார்' என்று தமிழில் ஒரு சீட்டு ஒட்டுங்கள். பள்ளிக்கூடத்தில் படிக்கும் பிள்ளையே இதைச் செய்துவிடும். ஆபத்து நேரத்தில் எதை அணைப்பது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

கொடைக்கானலில் அறை எடுக்கும்போது வாடகையையும் வெந்நீரையும் விசாரிப்போம். அத்துடன் இன்னொன்றும் விசாரியுங்கள்: 'ஐயா, இந்த அறையின் பெட்டியில் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா? கடைசியாக எப்போது சோதித்தீர்கள்?' பத்துப் பேர் கேட்டால் விடுதிக்காரர் சிரிப்பார். நூறு பேர் கேட்டால் சான்றிதழைச் சட்டம் போட்டு வாசலில் மாட்டிவிடுவார்.

கொடைக்கானலுக்கு எழுதி வைக்கும் பழக்கம் புதிதல்ல. அங்குள்ள வானாராய்ச்சி நிலையத்தில் நூறு ஆண்டுகளுக்கு மேலாகச் சூரியனை நாள்தோறும் படம் பிடித்து, தேதி போட்டுப் பத்திரப்படுத்தி வருகிறார்கள். 9 கோடி மைலுக்கு அப்பால் இருக்கும் சூரியனின் முகத்தில் என்ன புள்ளி விழுந்தது என்பதற்கு அந்த ஊரில் பதிவு இருக்கிறது.

கைக்கு எட்டும் தூரத்தில், சுவரில் இருக்கும் பெட்டிக்கும் ஒரு பதிவு இருக்கட்டும்.